தகைவு பாதிதான், பிறகு ஏன் விரிசல்? பக்கியின் பின்பெட்டியும் ஃபெடீக் கணக்கும்

கேள்வி இது. தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களில் ஓடும் ஒரு டபுள் கேப் பக்கி, அதாவது பிக்-அப் வண்டி. பின்பெட்டியில் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஹோஸ் ரீல் என்று தீயணைக்கும் ‘பக்கி சாக்கி’ நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. தொட்டியைப் பிடிக்கும் பிராக்கெட்டைப் பின்பெட்டியின் முன்சுவரில் நேராக வெல்டு செய்திருக்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் வெல்டின் நுனியில் விரிசல். கேட்டவர் எஃப்.இ.ஏ. செய்து பார்த்திருக்கிறார், அதாவது பகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தகைவை (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசையை) கணினியில் கணக்கிட்டிருக்கிறார். தொட்டியின் எடையை இரண்டு மடங்காக்கி ஏற்றினால் வான் மீசஸ் தகைவு (எல்லாத் திசைத் தகைவையும் ஒரே எண்ணாக்கியது) அதிகபட்சம் 140 மெகாபாஸ்கல். தகட்டின் ஈல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, 280. “பாதுகாப்புக் காரணி இரண்டு வருகிறதே, எப்படி உடையும்? கார் கம்பெனிகள் இதை எப்படிக் கணக்கிடுகின்றன?”

தம்பி, உங்கள் கணக்கு தப்பில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. “ஒரே ஒரு பெரிய குலுக்கலில் இந்தத் தகடு நிரந்தரமாக வளையுமா?” என்று கேட்டால், வளையாது என்று சொல்கிறது, அது சரி. உங்கள் வண்டியில் நடந்தது ஃபெடீக், அதாவது உலோகக் களைப்பு. அங்கே கேட்க வேண்டியவை இரண்டு: தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது, எத்தனை தடவை. ஈல்டு அந்தக் கேள்விக்குள் வருவதேயில்லை, அதுவும் வெல்டு இருக்கும் இடத்தில். வெல்டு ஆறும்போதே அதன் ஓரத்தில் கிட்டத்தட்ட ஈல்டு அளவுக்கு எஞ்சிய தகைவு தங்கிவிடும். அதனால்தான் வெல்டு விதிமுறைகள் சராசரித் தகைவைப் பார்க்காமல் வீச்சை (ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள முழு வித்தியாசத்தை) மட்டும் பார்க்கின்றன. ஈல்டு 280 உள்ள தகட்டை எடுத்துவிட்டு 500 உள்ளதைப் போட்டாலும், வெல்டு செய்தபடியே விட்டால், ஆயுள் கூடாது. இதை நம்பாமல் விலை உயர்ந்த தகட்டை வாங்கி, அதே இடத்தில் அதே விரிசலைப் பார்த்த பட்டறைகள் ஏராளம்.

எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். கிராவல் ரோட்டில் விழும் குறுக்கு அலைகள், அதாவது காரகேஷன், பொதுவாக அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும். 0.7 மீட்டர் என்று வையுங்கள்; கிலோமீட்டருக்கு சுமார் 1,430 குலுக்கல். சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் வகைப்பாட்டில், 50 முதல் 150 மில்லிமீட்டர் நீளமுள்ள பிராக்கெட்டை நீளவாக்கில் வெல்டு செய்தால் அது எஃப்.ஏ.டி. 71 வகை. 20 லட்சம் சுற்றுக்கு 71 மெகாபாஸ்கல் வீச்சைத் தாங்கும் என்பது அதன் பொருள்; எஸ்-என் கோட்டின் (எந்த வீச்சுக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று காட்டும் கோடு) சரிவு 3, அதாவது வீச்சு பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு. வீச்சு 50 மெகாபாஸ்கல் என்றால் 57 லட்சம் சுற்று தாங்கும். 1,430-ஆல் வகுத்தால் சுமார் 4,000 கிலோமீட்டர் காரகேஷன். வீச்சை 25-ஆகக் குறைத்தால்? ஒரு கோடி சுற்றுக்கு அப்பால் கோட்டின் சரிவு 5-ஆக மாறுவதால் சுமார் 12.6 கோடி சுற்று, ஏறக்குறைய 88,000 கிலோமீட்டர். தகைவு பாதியானது, ஆயுள் இருபது மடங்குக்கு மேல் கூடியது. (இந்த எஃப்.ஏ.டி. எண்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வெல்டு பிழைக்கும் கீழ்க்கோடு. சராசரி இதைவிட அதிகம். 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தகடுகளுக்காக எழுதப்பட்டவை என்பதால் 1.2 மில்லிமீட்டர் பெட்டித் தகட்டுக்குத் தோராயம் மட்டுமே.) உங்கள் 140 உண்மையான வீச்சாக இருந்திருந்தால் 2.6 லட்சம் சுற்றில், அதாவது 200 கிலோமீட்டருக்குள்ளேயே விரிசல் வந்திருக்கும். ஒன்றரை வருடம் தாங்கியதே, உண்மை வீச்சு அதைவிட மிகச் சிறியது, ஆனால் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதற்குச் சாட்சி.

வான் மீசஸ் வண்ணப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குக் குறி கிடையாது. இழுப்பும் அமுக்கமும் ஒரே சிவப்பு. +60-லிருந்து −60-க்குப் போய்வரும் இடத்தில் வீச்சு 120. அந்தப் படமோ 60 என்று காட்டும். ஃபெடீக் வேலைக்கு முதன்மைத் தகைவையும் அதன் திசையையும் பாருங்கள். அடுத்தது, வெல்டு நுனியில் மெஷ்ஷை (மாடலின் துண்டுகளை) சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறிக்கொண்டே போகும். அங்கே கணிதப்படி எல்லையே இல்லை. எனவே அந்த 140 என்பது உங்கள் மெஷ் அளவின் எண்ணாகவும் இருக்கலாம்.

கார் கம்பெனிகள் செய்வதற்கு வருவோம். வரிசை முக்கியம்: முதலில் சுமை, பிறகு இணைப்பின் விவரம், கடைசியில்தான் மாடலின் அழகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து லட்சம் எலிமென்ட் உள்ள மாடலுக்குள் ‘2 ஜி’ என்று குத்துமதிப்பான ஒரு எண்ணைப் போடுவதில் பயனில்லை. தகைவின் மூன்றாம் அல்லது ஐந்தாம் அடுக்கில் சேதம் ஏறுகிறது. சுமையில் 20 சதவீதப் பிழை ஆயுளை ஒன்றே முக்காலிலிருந்து இரண்டரை மடங்கு வரை மாற்றிவிடும்.

சுமையை எப்படி அளப்பது? பெரிய கம்பெனிகள் நான்கு சக்கரத்திலும் ஆறு திசை விசை அளக்கும் வீல் டிரான்ஸ்டியூசர் மாட்டுகின்றன. நம் கைக்கு எட்டுவது ஸ்ட்ரெயின் கேஜும் (தகடு நீள்வதை அளக்கும் ஒட்டுப்பட்டை) ஆக்சலரோமீட்டரும் (முடுக்கத்தை அளப்பது). சக்கர ஹப் நான்கிலும் செங்குத்தாக ஒவ்வொன்று, தொட்டியின் மேல் ஒன்று, சேஸிஸில் தொட்டிக்கு நேர் கீழே ஒன்று, பிராக்கெட்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு கேஜ். இவ்வளவு இருந்தால் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம்.

கேஜை வெல்டு நுனியில் ஒட்டாதீர்கள். ஹாட் ஸ்பாட் முறையில் வெல்டு ஓரத்திலிருந்து தகட்டுத் தடிமனின் 0.4 மடங்கிலும் 1.0 மடங்கிலும் அளந்து நுனிக்கு நீட்ட வேண்டும் என்று பாடத்தில் இருக்கும். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் 0.4 மடங்கு என்றால் அரை மில்லிமீட்டர். கேஜின் கம்பி வலையே 3 மில்லிமீட்டர் நீளம். கப்பல் தகட்டுக்குச் சரியான முறை, கார் தகட்டில் கையால் செய்ய முடியாதது. 10, 15 மில்லிமீட்டர் தள்ளி, தகைவு மெதுவாக மாறும் இடத்தில் ஒட்டுங்கள்; மாடல் அந்த இடத்தில் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; நுனிக்குப் போகும் வேலையை மாடலுக்கு விடுங்கள். திசை தெரியாத இடத்தில் மூன்று கேஜ் கொண்ட ரோசெட். எஃகில் 1 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) சுமார் 0.2 மெகாபாஸ்கல், 250 மைக்ரோஸ்ட்ரெயின் கண்டால் 50-க்கு மேல் இருக்கிறீர்கள்.

350 ஓம் கேஜ், மூன்று கம்பி இணைப்பு. டர்பன் கடற்கரை ஈரத்தில் கேஜுக்கும் தகட்டுக்கும் இடையே மின்காப்பு இறங்கினால் எண்கள் நகர ஆரம்பிக்கும். ஒட்டியதும் சோதியுங்கள், சில நூறு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மறுபடி செய்யுங்கள். மேலே பியூட்டைல் பட்டை போட்டு மூடுங்கள். அளந்து முடிந்ததும் சுரண்டிய இடத்தில் ஜிங்க் பிரைமர் பூச மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த விரிசலுக்கு நீங்களே துருவை விதைத்தவராவீர்கள். வினாடிக்குக் குறைந்தது 500 அளவீடு, 1,000 இருந்தால் நிம்மதி, ஆன்டி-அலையாசிங் ஃபில்டரோடு (வேகமான அதிர்வு, பொய்யான மெதுவான அதிர்வாகப் பதிவாகாமல் தடுப்பது). உச்சிகளைச் சரியாகப் பிடிக்க, நீங்கள் கவலைப்படும் அதிர்வெண்ணின் பத்து மடங்கு வேண்டும்.

இரண்டு இடங்களில் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒன்று, இணைப்பு ஆடியதால் வந்த ஒரே ஒரு பொய்யான துள்ளல். 2,000 மைக்ரோஸ்ட்ரெயின் என்று ஒரு புள்ளி பதிவாகியிருந்தால், சரிவு 5 உள்ள கணக்கில் அந்த ஒன்றே நாள் முழுவதன் சேதத்தையும் விழுங்கிவிடும். சுற்றுகளை எண்ணும் ரெயின்ஃப்ளோவில் போடுவதற்கு முன் வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். இன்னொன்று வெயில். தகடு சூடாகிப் பூஜ்யம் நகர்கிறது என்று 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். சானி பாஸ் மலைப்பாதையில் ஒரு பாறைமேல் ஒரு சக்கரம் ஏறி, வண்டி முறுக்கிக்கொண்டு இறங்க ஐந்து வினாடிகூட ஆகும். அந்த முறுக்கல்தான் பெட்டியின் மூலைகளுக்குப் பெரிய சேதம். ஃபில்டர் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். சுமை இல்லாத துண்டில் ஒட்டிய டம்மி கேஜ் வைத்து வெப்பத்தைச் சரிக்கட்டுவது மேல்.

எந்த ரோட்டில் ஓட்டுவது? தென்னாப்பிரிக்காவில் மொத்தம் சுமார் ஏழரை லட்சம் கிலோமீட்டர் ரோடு, அதில் பெரும்பகுதி தார் போடாதது. ஆனால் எல்லா கிராவலும் ஒன்றல்ல. என்-2 நெடுஞ்சாலை ஒரு துண்டு, கரும்புத் தோட்டத்து மண் ரோடு ஒரு துண்டு, காரகேஷன் விழுந்த மாவட்ட ரோடு ஒரு துண்டு, சானி பாஸ் போன்ற பாறைப் பாதை ஒரு துண்டு என்று தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டருக்கு எவ்வளவு சேதம் என்று கணக்கிடுங்கள். பிறகு அந்த வண்டி வருடத்தில் எதில் எவ்வளவு ஓடுகிறது என்று பெருக்கிக் கூட்டலாம். தார் ரோட்டின் பங்கு பெரும்பாலும் கணக்கில் வராத அளவுக்குச் சிறியதாக இருக்கும்.

தொட்டி காலி, பாதி, முழுசு என்று மூன்று நிலையிலும் ஓட்டுங்கள். ஒரு மீட்டர் நீளத் தொட்டியில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது முன்னும் பின்னுமாக 0.75 ஹெர்ட்ஸ் அளவில் அலையும். பிரேக் அடிக்கும்போதெல்லாம் முன்சுவர் பிராக்கெட்டுக்கு ஒரு இடி. முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி அந்த பிராக்கெட்டுக்குக் கெடுதலாக இருக்கக்கூடும்.

இப்போது மாடல். பாடியை எங்கும் கட்டிப்போடாமல் மிதக்கவிட்டு, இனர்ஷியா ரிலீஃப் முறையில், சஸ்பென்ஷன் தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று திசைக்கும் ஓர் அலகு விசை கொடுப்பது வழக்கம். பத்துப் பன்னிரண்டு புள்ளி என்றால் முப்பது, முப்பத்தாறு சுமை நிலைகள். ஒவ்வொன்றின் தகைவையும் அளந்த விசை வரலாற்றால் பெருக்கிக் கூட்டினால், தகட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் தகைவு வரலாறு கிடைக்கும். மலிவான, நல்ல முறை. பக்கியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கேபினுக்குக் கீழே உள்ள ரப்பர் மவுன்ட்கள். அவற்றைத் துளியும் அமுங்காதவையாக வைத்தால் முறுக்கல் எல்லாம் தவறான இடத்துக்குப் போகும்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பாடியின் முதல் அதிர்வெண், சுமையின் அதிர்வெண்ணைவிட மூன்று மடங்காவது மேலே இருக்க வேண்டும். உங்கள் வண்டி விழுவது இங்கேதான். 0.7 மீட்டர் அலைமேல் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடினால் 32 ஹெர்ட்ஸ், 60-இல் 24, 40-இல் 16. சாதாரண கார் பாடியின் முதல் வளைவு, முறுக்கு அதிர்வெண்களே 25 முதல் 50 ஹெர்ட்ஸ் வாக்கில். மெல்லிய சுவரில் அறுநூறு கிலோ தொங்கினால் இன்னும் கீழே இறங்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், 3 சதவீதத் தணிப்பில் பெருக்கம் பதினேழு மடங்கு அளவுக்குப் போகலாம். நிலையான சுமைக் கணக்கு இதைக் காட்டவே காட்டாது. எனவே மோடல் முறையில் (பாடியின் இயல்பான அதிர்வுகளையும் சேர்த்து) நேர வரலாற்றோடு ஓட்ட வேண்டும். அதற்கு முன், ரப்பர் சுத்தியலால் தொட்டியைத் தட்டி ஆக்சலரோமீட்டரில் அதிர்வெண்ணைப் பாருங்கள், காலித் தொட்டியிலும் முழுத் தொட்டியிலும். பத்து நிமிட வேலை, ஒரு வார மாடலிங்கைவிட அதிகம் சொல்லும். இரண்டு அதிர்வெண்ணும் 15-க்கும் 35-க்கும் இடையே இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அதிர்வெண் நிறமாலையை வைத்து டிர்லிக் 1985-இல் தந்த சூத்திரத்தில் நேராக ஆயுள் கணக்கிடும் வழியும் உண்டு. சீரான கரடு ரோட்டுக்கு அது வேகமாக வேலை முடிக்கும். பள்ளத்தில் விழுவதற்கும் பாறையில் முறுக்குவதற்கும் பொருந்தாது. அவை சீரான குலுக்கல் அல்ல.

தகைவு வரலாறு கிடைத்தபின் ரெயின்ஃப்ளோ. மட்சுயிஷியும் என்டோவும் 1968-இல் கொடுத்த எண்ணும் முறை. தாறுமாறான வரலாற்றை முழுச் சுற்றுகளாகப் பிரித்துத் தரும். பிறகு பாம்கிரன் 1924-இலும் மைனர் 1945-இலும் சொன்ன கூட்டல்: ஒவ்வொரு வீச்சிலும் நடந்த சுற்றை, அந்த வீச்சு தாங்கும் சுற்றால் வகுத்துக் கூட்டு, ஒன்று வந்தால் முறிவு. வெல்டுக்கு ஒன்று வரை காத்திருக்காமல் 0.5-இலேயே நிறுத்தச் சொல்கிறது வெல்டிங் நிறுவனம். பெரிய சுமையும் சிறிய சுமையும் கலந்து வரும்போது சோதனைகளில் பல, ஒன்று வருவதற்கு முன்பே உடைந்திருக்கின்றன.

எந்த எஸ்-என் கோடு என்பதில்தான் அனுபவம் பேசும். வெல்டோ துளையோ இல்லாத வெறும் தகட்டில், வளைவு மூலையில் உள்ளூர ஈல்டு ஆகும் இடமென்றால் தகைவுக்குப் பதில் திரிபை (நீட்சியை) வைத்து ஆயுள் கணக்கிடும் காஃபின்-மேன்சன் முறை. சராசரித் தகைவுக்கு ஸ்மித்-வாட்சன்-டாப்பர் திருத்தம். அச்சில் அழுத்திய தகடு மூலைகளில் மெலிந்திருக்கும். கேட்டலாக் தடிமனைப் போட்டால் ஆயுள் அதிகமாகக் காட்டும். கோடாக ஓடும் வெல்டுக்கு, மெல்லிய தகட்டில், நுனியை 0.05 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாகக் கற்பனை செய்து எஃப்.ஏ.டி. 630 கோட்டோடு ஒப்பிடும் முறை இருக்கிறது (5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டில் ஆரம் 1 மில்லிமீட்டர், எஃப்.ஏ.டி. 225). முழு பாடியையும் அப்படி மெஷ் செய்ய முடியாது. சந்தேகப்படும் ஓரிரு இடத்துக்கு மட்டும் சப்-மாடல்.

ஸ்பாட் வெல்டு தனி உலகம். தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் கார்களின் பாடியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நகட்டின் (உருகி ஒட்டிய பொட்டின்) விட்டம் சுமாராக 5 பெருக்கல் தடிமனின் வர்க்கமூலம்: 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 5, 1.6-க்கு 6.3. ஒவ்வொன்றையும் ஒரு சிறு பீமாக வைத்து, அதன் வழியே போகும் விசையிலிருந்தும் திருப்பு விசையிலிருந்தும் நகட்டைச் சுற்றிய தகைவைக் கணக்கிடும் ரூப் முறை மென்பொருள்களில் பரவலாக இருக்கிறது. விரிசல் இரண்டு தகட்டுக்கும் நடுவே தொடங்கி வெளியே வருவதால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கிறீச் சத்தமோ தண்ணீர்க் கசிவோதான் வரும். வெட்டு விசையைத் தாங்கும் ஸ்பாட் வெல்டு, உரிக்கும் விசையைத் தாங்காது. விசைக் கோடு ஃபிளாஞ்சுக்கு (ஸ்பாட் போடும் மடிப்பு விளிம்புக்கு) பக்கத்தில் போகுமாறு மாற்றினால், இன்னும் நான்கு ஸ்பாட் போடுவதைவிட நல்லது.

மாடலை நம்புவதற்கு முன் ஒரு எளிய சோதனை: சமதளத்தில் நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை 200 மில்லிமீட்டர் கட்டையில் ஏற்றி, கேஜ் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், மாடலிலும் அதையே செய்யுங்கள். 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் மேலே போகலாம். குறி மாறி வந்தால், எங்கேயோ ஒரு போல்ட்டையோ மவுன்ட்டையோ தவறாக வைத்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் விடை இரண்டு மூன்று மடங்கு ஏறியோ இறங்கியோதான் நிற்கும். ‘83,412 கிலோமீட்டர்’ என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கண்டால் சிரித்துவிட்டு நகருங்கள். அ வடிவமைப்பைவிட ஆ எத்தனை மடங்கு மேல் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. அதனால்தான் கம்பெனிகள் கடைசியில் ஹைட்ராலிக் ரிக்கிலும், பிரிட்டோரியாவுக்கு மேற்கே ஜெரோடெக் போன்ற சோதனைத் தடங்களிலும் வண்டியை அடித்துப் பார்க்கின்றன. பிராஸ்பெக்டனில் செய்யும் ஹைலக்ஸோ, சில்வர்டனில் செய்யும் ரேஞ்சரோ, கெபெஹாவில் செய்யும் டி-மேக்ஸோ, கம்பெனி சோதித்தது அதன் சொந்தப் பெட்டியைத்தான். அதில் பிறகு யாரோ வைத்த வெல்டை அல்ல.

உங்கள் வண்டிக்கு என்ன செய்வது? டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) அடித்து விரிசலின் நுனியைக் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அது நீளமாகவே இருக்கும். நுனியில் 6 மில்லிமீட்டர் துளை போடுவது சில வாரம் வாங்கித்தரும், அவ்வளவுதான். அதே இடத்தில் தடித்த தகடு ஒட்டி நாலு பக்கமும் வெல்டு அடிப்பது பேனல் பீட்டர் பட்டறைகளில் வழக்கம். விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்துக்குக் குடிபெயரும். கடினமான துண்டு அதிக விசையை இழுக்கும், அதன் ஓரத்தில் கடினம் சட்டென்று முடியும்.

தொட்டியின் எடையை முன்சுவரிலிருந்து விடுவியுங்கள். பெட்டித் தரையின் கீழே குறுக்குச் சட்டங்கள் இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு, சுமையை சேஸிஸுக்கு அனுப்புங்கள். முன்சுவரில் ரப்பர் திண்டு மட்டும் போதும், அது சாய்வதைத் தடுக்கட்டும். தொட்டியின் எடை மையம் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வரட்டும். பின்னால் தள்ளினால் டபுள் கேப்பின் சேஸிஸ் கேபினுக்குப் பின்புறம் வளையும், அது இதைவிடப் பெரிய செலவு. தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லையென்றால் போடுங்கள். வெல்டு தவிர்க்க முடியாத இடத்தில், அதைச் சட்டத்தின் நடுப்பட்டையில் வையுங்கள், ஃபிளாஞ்சின் ஓரத்தில் வேண்டாம். பிராக்கெட்டின் முனையைச் சரிவாக வெட்டுங்கள். நுனியைப் பர் கிரைண்டரால் அரை மில்லிமீட்டர் ஆழம் தேய்த்து வழவழப்பாக்கலாம். இது தடித்த சேஸிஸ் பகுதிக்கு மட்டும், தாங்கும் வீச்சு சுமார் 1.3 மடங்கு கூடும். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் இதைச் செய்தால் தகடே மிஞ்சாது.

மாற்றியபின் மறுபடி சுத்தியலால் தட்டி அதிர்வெண்ணைப் பாருங்கள். ஓட்டுநர் வழக்கமாக ஓட்டும் வேகத்துக்கு நேராக வராமல் இருக்கட்டும். 1,000 கிலோமீட்டரிலும் 5,000-இலும் புதிய போல்ட் துளைகளைச் சுற்றி டை அடித்துப் பாருங்கள். தோட்டத்து உரம் பட்டு, உப்புக் காற்றில் பெயின்ட் போன துளை என்றால், எஸ்-என் கோட்டில் எந்த வீச்சும் பாதுகாப்பானது இல்லை. அங்கே கடைசி வேலை மெழுகுத் தெளிப்பு.